ஃபேன் வேண்டுமாம்

ஸஹானாவுக்கு அந்த வேலை கிடைத்ததே ஹிந்தியால்தான். அப்பா ராஜகோபாலன் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர். அவரோடு நாக்பூரில் வளர்ந்து, அங்கேயே படித்து, அவர் ஓய்வு பெற்றதும் சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்ந்தவள் அவள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சுகுமார் நடத்திவந்த கம்பெனிக்கு ஹெச்.ஆர். வேலை கேட்டுப் போனபோது, அவர் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹிந்தி சரளமா பேசுவீங்களா?"

"பேசுவேன் சார்."

"அப்ப திங்கக்கிழமை வந்துடுங்க."

கார் இருக்கைகளுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகளை அடித்துத் தரும் கம்பெனி அது. நீளமான ஷெட்டில் வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து பாரம் இறங்கி, ஒரே அடியில் அதை வளைத்துவிட்டு மேலே போகும். மெஷினில் நின்றவர்கள் அநேகமாக எல்லோரும் ஒடிசா, பீகார் ஆட்கள். சுகுமாருக்கும் சூப்பர்வைசர் பொன்னுசாமிக்கும் ஹிந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. நடுவில் ஸஹானா.

அவள் அந்த வேலையை நன்றாகவே செய்தாள். நன்றாக என்றால், சண்டை வராமல். "இன்னாடா, மாடு மாதிரி நின்னுகினு கீற? சொன்னா மண்டைல ஏறாதா?" என்று பொன்னுசாமி கத்தினால், "அண்ணா கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்றார்" என்று ஹிந்தியில் சொல்வாள். "நான் செத்தாத்தான் இந்த ஆள் லீவு தருவானா?" என்று ஒருவன் ஹிந்தியில் சீறினால், "உடம்பு முடியலையாம் சார், ஒரு நாள் லீவு கேக்கறார்" என்று தமிழில் சொல்வாள். இரண்டு பக்கமும் சூடு தணியும். மெஷின் ஓடும். அதை ஒரு சாமர்த்தியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த ஆட்களுக்கு அவள் 'தீதி', அதாவது அக்கா. காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். வங்கியில் ஏதாவது சிக்கல் என்றால் கூடப் போவாள். அவர்களில் ஹாடிபந்து பெஹேரா என்று ஒருவன் இருந்தான். ஒடிசாவில் பலாங்கிர் பக்கத்துக்காரன். பெயர் வாயில் நுழையாததால் பொன்னுசாமி அவனைப் 'பந்து' ஆக்கிவிட்டார், கம்பெனியே அப்படிக் கூப்பிட்டது. மூன்று வருஷமாகப் பெரிய பிரஸ் அவன் பொறுப்பு. அதிகம் பேசாத ஆள். ஊரில் பெண் குழந்தை பிறந்ததும் செல்போனில் படத்தைக் காட்டினான். ஸஹானா தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கவுன் வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டு எடுத்த படத்தையும் மறக்காமல் காட்டினான்.

அந்தப் பெரிய பிரஸ்ஸில் இரண்டு பாதுகாப்பு இருந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பாரம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்க வழியில்லை. அதுபோக, முன்பக்கம் இருபுறமும் சென்சார். குறுக்கே ஏதாவது போனால் மெஷின் நின்றுவிடும். ஆனால் இரண்டு கையும் பட்டனுக்குப் போனால் தகட்டை எடுத்து வைக்க நேரமாகிறது என்று, ஒரு பட்டனை அமுக்கிய நிலையில் சின்ன மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். சென்சார் அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது என்று அதன் வயரையும் கழற்றிவிட்டார்கள். ஷெட்டில் இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஸஹானாவுக்கும் தெரியும். தினமும் பார்க்கிற எதையும்போல அதையும் பார்த்துக்கொண்டு போவாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, தொழிற்பேட்டை முதலாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். சுகுமார் செல்போனோடு ஷெட்டுக்குள் ஓடினார். பொன்னுசாமி மெஷின் மெஷினாகப் போய்க் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எலக்ட்ரீஷியன் சென்சார் வயரை மாட்டினான். தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். எல்லோருக்கும் கையுறையும் காதடைப்பானும் கொடுத்தார்கள். ஸஹானா ஓய்வறை நாற்காலிகளைத் துடைக்கச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் தேவானந்தம் தன் சொந்த ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஓய்வுக்கு அருகில் இருந்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவர் பிரிவில் இரண்டு இடம் வெகுநாளாகக் காலி. அந்த வேலையும் அவர் தலையில்தான். எந்தக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். அவர் போவார். அன்றைக்கு அவருக்கு இன்னும் பல இடம் பாக்கி இருந்தது.

ஆனால் ஏனோதானோவென்று பார்க்கிறவர் இல்லை. பெரிய பிரஸ்ஸின் முன்னால் நின்று ஒரு பட்டனை மட்டும் அமுக்கிப் பார்த்தார். இறங்கவில்லை. சென்சாருக்கு நடுவில் ஒரு அட்டையை நீட்டினார். நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சுகுமாரிடம், "தொழிலாளிங்க கிட்டத் தனியா பேசணும். நீங்க ஆபீஸ்ல இருங்க" என்றார்.

"தாராளமா பேசுங்க சார்" என்றார் சுகுமார். "ஆனா எல்லாம் ஹிந்திக்காரங்க. உங்களுக்கு ஹிந்தி வருமா?"

தேவானந்தம் உதட்டைப் பிதுக்கினார்.

"எங்க ஹெச்.ஆர். மேடம் இருக்காங்க. நல்லா சொல்வாங்க."

தேவானந்தம் ஸஹானாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வாங்கம்மா" என்றார்.

ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் வந்த இரண்டு பேரும் எல்லாம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகப் பந்து வந்தான். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பெரிய மெஷின்ல வேலை செய்ய இவருக்குப் பயமா இருக்கான்னு கேளுங்கம்மா" என்றார் தேவானந்தம்.

ஸஹானா கேட்டாள். பந்து சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் ஹிந்தியில் பேசினான்.

"தீதி, இவர்கிட்டச் சொல்லுங்க. பட்டன்ல எப்பவும் கட்டை இருக்கும். இன்னிக்குக் காலைலதான் எடுத்தாங்க. சென்சாரும் இன்னிக்குத்தான் மாட்டினாங்க. இவர் போனதும் திரும்பக் கழட்டிடுவாங்க. போன வாரம் நான் பட்டனைத் தொடாமலே மெஷின் தானா இறங்குச்சு. என் கை வெளிய இருந்ததால தப்பிச்சேன். பொன்னுசாமி அண்ணன்கிட்டச் சொன்னேன். அவர் கேக்கல. எனக்கு ராத்திரி தூக்கம் வரதில்ல. இவர்கிட்டச் சொல்லுங்க."

ஓய்வறையின் கண்ணாடி வழியாகச் சுகுமாரின் அறை தெரிந்தது. அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸஹானா யோசித்து முடிவெடுத்தாள் என்று சொல்ல முடியாது. நாக்கு பழகியிருந்தது. எப்போதும் போல ஒரு பக்கத்துச் சூட்டைத் தணித்து மறுபக்கம் கொடுத்தாள்.

"ஷெட் ரொம்ப சூடா இருக்காம் சார். மெஷின்கிட்ட ஒரு ஃபேன் வேணுமாம்."

தேவானந்தம் எழுதப் போன பேனாவை நிறுத்தினார். "இவ்வளவு நேரம் பேசினது ஃபேனுக்கா?"

"அவங்க அப்படித்தான் சார். சுத்தி வளைச்சுத்தான் பேசுவாங்க."

இது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. முதலில் சொன்னது பழக்கம். இது பொய்.

பந்து அவளைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்த கையுறையைப் பார்த்தான். தேவானந்தம் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் கவனித்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். போகும்போது சுகுமாரிடம், "காத்தோட்டம் பத்தல. ஃபேன் போட்டுடுங்க" என்றார்.

சுகுமார் மறுநாளே போட்டார். பெரிய பிரஸ்ஸுக்கு நேர் மேலே, பெரிய ஃபேன். கட்டை அதற்கு முன்பே பட்டனுக்குத் திரும்பியிருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஸஹானா ஆபீஸிலிருந்து ஓடினாள். பந்துவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவன் கத்தவில்லை. தன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பொன்னுசாமி முதலில் மெஷினிடம்தான் போனார். பட்டனிலிருந்து கட்டையைப் பிடுங்கினார். அப்புறம்தான் துணி கேட்டு அலறினார். "துணி குட்றா! வண்டி எடுக்கச் சொல்லு! இன்னாடா பாத்துகினு நிக்கிற?" அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் கட்டை அவர் கையிலேயே இருந்தது.

குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரல்களை ஒட்ட வைக்க முடியாது, நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் சுகுமார் ஸஹானாவைக் கூப்பிட்டார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல மேடம். ஆஸ்பத்திரி செலவு பூரா நான் பாத்துக்கறேன். வேலையும் தரேன். ஆனா இன்ஸ்பெக்டர் வருவார். கார் கம்பெனிக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிடும். எல்லாரும் நடுத்தெருவுல நிப்போம். அவன் செல்போன் பாத்துக்கிட்டு அசால்ட்டா இருந்தான்னு சொல்லச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

அவள் போனாள். கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டாள். பந்து கூரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு தமிழில் சொன்னான்.

"ஃபேன் நான் கேக்கல, மேடம்."

அவளுக்கு முதலில் அவன் சொன்னது என்னவென்றே புரியவில்லை. அவன் தமிழ் பேசி அவள் கேட்டதில்லை. மூன்று வருஷமாகக் கடையிலும் பஸ்ஸிலும் வாடகை அறையிலும் காதில் விழுந்த தமிழ் அது. உடைந்து உடைந்து வந்தாலும் தெளிவாக இருந்தது.

"உனக்குப் புரிஞ்சுதா அன்னிக்கு?"

"புரிஞ்சுச்சு."

"அப்ப ஏன் நீயே அவர்கிட்டச் சொல்லல?"

அதற்குப் பதில் சொல்ல அவனுக்குத் தமிழ் போதவில்லை. ஹிந்திக்கு மாறினான். "நீங்க இந்த ஊர்க்காரங்க. படிச்சவங்க. உங்களுக்கு வீடு இருக்கு. நீங்களே சொல்லப் பயந்தீங்க. ஊர்ல கடன் வெச்சிருக்கிற நான் எப்படிச் சொல்ல முடியும்?"

சுகுமார் சொல்லியனுப்பியதை அவள் அவனிடம் சொல்லவில்லை. கொண்டுபோன ஆரஞ்சுப் பையை அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பட்டு கேட்டுவிட்டு அழுதாள். அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"உன்னை யாரு கேக்கப்போறா? நீ மொழிபெயர்ப்பாளர் இல்ல. அது உன் வேலையே இல்ல. கம்பெனிக்காரியைக் கூட வெச்சுண்டு தொழிலாளியை விசாரிச்சது அந்த ஆபீஸரோட தப்பு. பேசாம வேலையை விட்டுடு."

"அவர் நம்பிக் கேட்டார்ப்பா."

"நம்பினது அவர் தப்புங்கறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் மெஷினைத் தொடவில்லை. கட்டையைச் செருகவில்லை. ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த வாக்கியத்தைச் சரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு சின்ன வாக்கியம். கட்டையை இன்றைக்குத்தான் எடுத்தார்களாம் சார்.

தேவானந்தம் விசாரணைக்கு வந்தபோது யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. நேராக ஷெட்டுக்குப் போய் மெஷினைப் படம் எடுத்தார். பட்டனின் ஓரத்தில் கட்டை அழுத்தித் தேய்ந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "மத்த தொழிலாளிங்களை விசாரிக்கணும். வாங்கம்மா" என்று ஸஹானாவைக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் அவருக்கு வேறு ஆள் இல்லை.

"நான் வரக் கூடாது சார்."

"ஏன்?"

"அன்னிக்கு அவர் ஃபேன் கேக்கல."

நின்ற இடத்திலேயே சொன்னாள். பந்து பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் வரிசையாகச் சொன்னாள். தேவானந்தம் பக்கத்தில் அடுக்கியிருந்த மரப்பலகைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் முகத்தைப் பாத்தப்பவே எனக்கு உறுத்துச்சும்மா. திருப்பிக் கேட்டிருக்கணும். அடுத்த கம்பெனிக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தரேன் சார்."

"உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

"நான் ஒழுங்கா விசாரிக்கலைன்னு என் பேரும் அதுல வரும். வரட்டும். எழுதுங்க."

அவள் எழுதிக் கொடுத்தாள். சுகுமார் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் போன் செய்து, "இன்னிலேர்ந்து வர வேணாம் மேடம். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா உங்க முகத்துல முழிக்க முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தேவானந்தம் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தார். ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வீட்டைத் தேடி நடந்து வந்ததில் மூச்சிரைத்தது. பட்டு தண்ணீர் கொடுத்தாள். ராஜகோபாலன் எதிரில் உட்கார்ந்தார்.

"பந்துவை ஆஸ்பத்திரில பாத்தேன்" என்றார் தேவானந்தம். "நல்லாத் தமிழ் பேசறான். மொழிபெயர்க்க ஆளே தேவைப்படல. முதலாளி இல்ல, சூப்பர்வைசர் இல்ல, நர்ஸைக்கூட வெளிய அனுப்பிட்டேன். நானும் அவனும் மட்டும்."

"என்ன சொன்னார் சார்?"

"மெஷின் நல்லா இருந்துச்சுன்னான். பட்டன்ல கட்டையே கிடையாதுன்னான். செல்போன் அடிச்சுது, எடுத்தேன், என் தப்புன்னான்."

நின்றுகொண்டிருந்த ஸஹானா உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு கேட்டேன். ஃபேன் கேட்டேன்னான்." தேவானந்தம் டம்ளரைக் கீழே வைத்தார். "அவனுக்கு அங்கயே வாட்ச்மேன் வேலை தராங்களாம். ஆயுசு பூரா. எழுதியே கொடுத்திருக்காங்க. ஒரு கையை வெச்சுக்கிட்டு அவன் வேற எங்க போவான்?"

ராஜகோபாலன் தொண்டையைச் செருமினார். "அவனே இப்படிச் சொல்றப்போ, இவ எழுதிக் கொடுத்ததை நீங்க விட்டுடலாமே சார். இவ பேர் எதுக்கு?"

"விட முடியாது சார். கொடுத்தது கொடுத்ததுதான்." அவர் ஸஹானாவின் பக்கம் திரும்பினார். "நம்ம நாடு சுதந்திரம் வந்த புதுசுலயே ஜெனீவால ஒரு ஒப்பந்தத்தை ஏத்துக்குச்சும்மா. என்னை மாதிரி ஆளுங்களுக்காகவே போட்டது. சொல்லாம கொள்ளாம உள்ள போகலாம். முதலாளி இல்லாம தொழிலாளிகிட்டத் தனியா பேசலாம். வேலைக்குச் சேந்தப்ப அதை மனப்பாடம் பண்ணினேன். டெல்லிலேர்ந்து அப்பப்ப அங்க பதில் போகும், ஆமா, எங்க ஊர்ல அப்படித்தான் நடக்குதுன்னு. மாசில நான் வந்து போனது கூட அந்தக் கணக்குல சேந்திருக்கும். ஆஸ்பத்திரில பேசினதும் சேரும். முறைப்படி ஒரு குறை சொல்ல முடியாது. இவ்வளவு வருஷத்துல நான் அவ்வளவு ஒழுங்கா ஒருத்தரை விசாரிச்சதே இல்ல."

பட்டு கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு வருஷம் நடந்தது. தேய்ந்த தடம் எதையும் நிரூபிக்காது என்றார் சுகுமாரின் வக்கீல். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆத்திரத்தில் ஸஹானா எழுதிக் கொடுத்தாள் என்றார். அவள் எழுதிக் கொடுத்த பிறகுதான் நிறுத்தினார்கள் என்று அவள் சொன்னாள். அடிபட்டவரே தன் தவறு என்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வக்கீல் கேட்டார். கடைசியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்காதது என்ற சின்னக் குற்றம் மட்டும் நின்றது. சுகுமார் அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று மதியமே கம்பெனிக்குத் திரும்பினார்.

தேவானந்தத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கூடவே எல்லா ஆய்வாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை. இனி நிர்வாகத்தைச் சேர்ந்த எவரையும் மொழிபெயர்க்கப் பயன்படுத்தக் கூடாது. சரிதான். ஆனால் வேறு யாரை வைத்துக்கொள்வது என்று அதில் இல்லை. ஸஹானா போனில் கேட்டபோது, "ஹிந்தி ஆளுங்ககிட்ட இப்ப நான் பேசறதே இல்லம்மா" என்றார். "மெஷினைப் பாக்கறேன். தமிழ் ஆளுங்க ரெண்டு பேர் இருந்தா பேசறேன். வந்துடறேன்."

"நான் வரட்டுமா சார், உங்க கூட? காசு ஒண்ணும் வேணாம்."

"கேட்டுப் பாத்தேன்மா. வெளியாளை உள்ள கூட்டிட்டுப் போக விதியில இடம் இல்லையாம்." அவர் அந்த ஆனியில் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கும் இன்னும் ஆள் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள், பாக்கியிருந்த சர்வீஸ் சான்றிதழை வாங்க ஸஹானா கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டில் பந்து உட்கார்ந்திருந்தான். நீலச் சீருடை பெரிதாக இருந்தது. வலது சட்டைக்கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உள்ளே போன் செய்து, சான்றிதழை அங்கேயே கொண்டுவந்து தரச் சொன்னான். அவளை உள்ளே விடச் சொல்லி உத்தரவு இல்லை போலும்.

உள்ளே மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்தன. காலடியில் தரை அதிர்ந்தது.

"பெரிய மெஷின்ல இப்ப யாரு?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"புதுசா ஒருத்தன். ஜார்க்கண்ட்." அவன் தமிழிலேயே பதில் சொன்னான்.

"அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'சரி அண்ணா'ன்னான்." பந்து தோளைக் குலுக்கினான். "அவனுக்கும் கடன் இருக்கு மேடம்."

மன்னித்துவிடு என்று சொல்லவும்தான் அவள் வந்தாள். வழியெல்லாம் அதை எந்த மொழியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்ததும், அது அவனுக்கு எந்த விதத்திலும் உதவாது என்று பட்டது. அவளுக்கு வேண்டுமானால் உதவும்.

அவனே பேசினான். "அடுத்த மாசம் வீட்ல வராங்க. பாப்பாவும் வருது. பம்மல்ல ரூம் பாத்துட்டேன்." பிறகு தயங்கினான். "மேடம், அங்கன்வாடியில சேக்கணும்னா என்ன கேப்பாங்க? ஒடிசா ஆதார் போதுமா?"

"போதும். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லு. தடுப்பூசி அட்டையும்."

"சர்டிஃபிகேட் ஒரியாவுல இருக்கும்."

"பரவால்ல. இங்கிலீஷ்லயும் இருக்கும், பாரு. இல்லன்னா எனக்குப் போன் பண்ணு."

அவன் தலையாட்டினான். போன் செய்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை.

தகடு ஏற்றிய லாரி ஒன்று கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. பந்து இடது கையால் தாழ்ப்பாளைத் தூக்கி, கேட்டைத் தோளால் தள்ளித் திறந்தான். லாரி உள்ளே போக வழிவிட்டு ஸஹானா ஒதுங்கி நின்றாள்.